நாற்பது போன்களில் ஒரே பெயர்

அந்தப் போனுக்குத் தான் யாரென்று தெரியாது. இது எனக்கு உறைத்த இடம், திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டின் ஆபீஸ். காலை டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. அங்கே நாற்பது புதுப் போன் மாட்டித்தர என் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. மேஜை மேல் பெட்டி பிரித்த புதுப் போன் ஒன்று, பக்கத்தில் என் கம்ப்யூட்டர். ஒயரில் என்னென்ன ஓடுகிறது என்று வரிவரியாகக் காட்டும் ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டுத் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தேன்.

ஒயரைச் செருகியதும் முதல் வரி வந்தது. யாரையென்று இல்லாமல் எல்லோரையும் பார்த்துக் கத்துகிற கேள்வி: யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள். போன்களை ஒன்றோடொன்று இணைக்க சுவரில் மாட்டியிருந்த பெட்டி பதில் சொன்னது: இந்தா முகவரி, மீதியை அந்த மூலைக் கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொள். போன் அங்கே போனது. தன் முதுகில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டு எழுத்து எண்ணைச் சொல்லி, இந்த எண்ணுக்கு ஒரு கோப்பு இருக்கிறதா என்று கேட்டது. இருந்தது, முந்தின நாள் நான் தட்டி வைத்திருந்த கோப்பு. அதை வாங்கிப் படித்து, அதில் எழுதியிருந்த ஆளாக ஆகிவிட்டது. திரையில் ஒரு பெயர், கீழே ஒரு எண், ஓரத்தில் மணி.

ஒயரைப் பிடுங்கினேன். எல்லாம் அழிந்தது. திரும்பச் செருகினேன். மறுபடியும் அதே கத்தல், அதே கேள்வி. சற்றுமுன் யாராக இருந்தோம் என்பதன் சுவடே அதனிடம் இல்லை.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு போன் அப்படி இல்லை. அதன் எண் கம்பத்திலிருந்து வரும் ஒயரில் குடியிருந்தது. எந்தக் கருவியை மாட்டினாலும் அதே எண்தான். பாலிடெக்னிக்கிலும் அப்படித்தான் படித்தேன். இங்கே எண் ஒயரிலும் இல்லை, போனிலும் இல்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், யாரோ எழுதிய பத்து இருபது வரியில் இருந்தது. அந்த யாரோ நான்தான் என்று நினைத்தபோது கை ஜில்லிட்டது. அப்போது அதை சந்தோஷம் என்று நினைத்தேன்.

"இன்னாமா, பேயறைஞ்ச மாதிரி குந்திகினு கீற?"

கேட் கிளார்க் அண்ணன் டீ கிளாஸோடு நின்றிருந்தார். யார்டுக்குள் வரும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் காகிதம் சரியா என்று உள்ளே போன் போட்டுக் கேட்டு, சரியென்றால் கேட்டைத் திறந்துவிடுவது அவர் வேலை. நாற்பது சொச்சம் வயது, வியாசர்பாடி குடியிருப்பில் வீடு. நான் பார்த்ததைச் சொன்னேன்.

"டெய்லி காலைல எழுந்து, நான் யாரு, நான் யாருன்னு கேக்குதா?"

"ஆமாண்ணே. கரண்டு போய் வந்தா கேக்கும்."

"எங்க பிளாக்குல மூணாவது மாடில ஒர்த்தன் கீறான். சரக்க ஏத்திகினு வந்தா கதவத் தட்டி அவனும் அதான் கேப்பான். அவன் பொண்டாட்டி பதில் சொல்லித்தான் உள்ள வுடும்."

அந்த ஆபீஸில் புதுப் போனை யாரும் விரும்பவில்லை. டாக்குமென்ட் செக்‌ஷன் அக்கா தன் பழைய போனைத் துணியால் மூடி, தொடாதே என்று ஜாடை காட்டினார். ஒயர் சுருளும் கையுமாக மேஜைக்கு அடியிலேயே நான் திரிந்ததால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் எனக்கு 'ஒயரு' என்று பெயர் வைத்தார். அவரை யார்டே மாமு என்று கூப்பிடும். கேட் அண்ணன் ஒருவர்தான், "மொதல்ல என்னுது போடு, எது வந்தாலும் எனக்கு வரட்டும்" என்றார். அதனால்தான் நான் எழுதிய முதல் கோப்பு அவருடையது. இரண்டு நாள் அதை வைத்துத்தான் எல்லாச் சோதனையும் செய்தேன்.

அவருக்கு இரண்டு ஆசைகள். மணி மெதுவாக, இழுத்து இழுத்து அடிக்க வேண்டும். மற்றவையெல்லாம் டிரெய்லர் சத்தத்தில் கரைந்துவிடுகிறதாம். இருந்த மணிகளில் கோயில் மணி மாதிரி ஒன்று இருந்தது. அதை வைத்தேன்.

"இன்னொண்ணு. கடியாரத்த பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெக்க முடியுமா?"

"எதுக்குண்ணே?"

"அஞ்சு அம்பது பஸ்ஸு. அத்த உட்டா அடுத்த பஸ்ல குந்த எடம் கெடைக்காது. எனக்கு புத்தி சொன்னா காலு கேக்காது, கண்ணு சொன்னாத்தான் கேக்கும். அதால கண்ண ஏமாத்தணும்."

கோப்பில் உலக நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நொடியில் எழுத வேண்டும். நமக்கு 19,800. அறுநூறு கூட்டி 20,400 என்று போட்டேன். போன் மீண்டு வந்தபோது, அந்தக் கட்டடத்திலேயே அது மட்டும் பத்து நிமிடம் முன்னால் இருந்தது. ஏதோ காலத்தையே வளைத்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம்.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன். ஒரு போன் தன் எண்ணுக்கான கோப்பைக் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் சும்மா இருக்காது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோப்பு இருக்கிறதா என்று கேட்கும். அந்தப் பொதுக் கோப்பும் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் புதிதாகத் தட்டச் சோம்பல். அண்ணனுடைய கோப்பை அப்படியே நகலெடுத்து, பொதுக் கோப்பு என்று வைத்தேன். பெயரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் இருந்த அத்தனையையும் ஒரு சிடியில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் கோப்பு எழுதினேன். எல்லாப் போனும் ஒழுங்காக அடித்தது. வேலை முடிந்ததும் புது சிடி எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில், எழுதிவிட்டதாகவே நினைக்கத் தொடங்கினேன். பொதுக் கோப்பை யாரும் கேட்கவில்லை. அது அங்கேயே கிடந்தது.

போன்கள் மாட்டி இரண்டாவது வருடம், இந்தக் கோடையில் அண்ணன் இறந்தார்.

ஐந்து ஐம்பது பஸ்ஸில்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கிறது. டோல்கேட் சிக்னலில் நின்றபோது கண்டக்டர் பார்த்திருக்கிறார், தூங்குகிற மாதிரி இருந்ததாம். இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் தாண்டி, பஸ் கடைசியில் காலியான பிறகுதான் தொட்டு எழுப்பியிருக்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் அவர் எத்தனை நிறுத்தம் உயிரோடு போனார் என்று என் மனதில் அடிக்கடி ஓடும். இன்னொன்றும் ஓடும், அதை நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடிகாரம் சரியாக ஓடியிருந்தால் அந்த பஸ்ஸை விட்டிருப்பார். நிறுத்தத்தில் நின்றிருப்பார். கூட யார்டு ஆட்கள் இருந்திருப்பார்கள். நெஞ்சைப் பிடித்தால் ஒருவராவது பார்த்திருப்பார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவிக்கு அதே கேட் வேலையைத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். அண்ணன் என்று கூப்பிட்டதால் இவர் எனக்கு அண்ணி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, போனில் பெயரை மாற்றச் சொன்னார். கோப்பைத் திறந்தேன். பெயர் வரியை அடித்துவிட்டு அண்ணியின் பெயரை எழுதினேன். 20,400 என்ற வரி கண்ணில் பட்டது. விரல் அதன் மேல் போய் நின்று திரும்பி வந்துவிட்டது. அண்ணியும் கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்தே நாளில் டிரெய்லர்க்காரர்களை அதட்டி வரிசையில் நிறுத்தக் கற்றுக்கொண்டார். "யோவ், பேப்பர் இல்லாம ஹாரன் அடிச்சா கேட்டு தொறக்குமா? கேட்டுக்கு இன்னா காதா கீது?" என்று அவர் போடும் சத்தம் ஹால் வரை கேட்கும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் இயந்திரம் எல்லாம் ஓய்வெடுக்க வேண்டும். டிரெய்லர், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், எடை மேடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். அந்த ஆபீஸில் போனையும் விடுவதில்லை. புதன்கிழமை மத்தியானம் எல்லாப் போனையும் ஒயரிலிருந்து பிடுங்கி, துடைத்து, நீள மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு சாமந்திச் சரம். அண்ணன் இருந்தவரை தன் போனைக் கொடுக்க மாட்டார். அவர்கள் வீட்டில் புத்தர் படம்தான். "உங்க சாமி உங்க போனப் பாத்துக்கட்டும். பொரி மட்டும் இங்க தள்ளு" என்பார். இந்த வருடம் அண்ணியும் அதையே சொன்னார். அதனால் கேட் கேபினில் இருந்த போனை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் கோப்புகள் இருந்த மூலைக் கம்ப்யூட்டரையும் அணைத்துத் துடைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அணையாமல் ஓடிய பழைய இயந்திரம் அது. திரும்பப் போட்டபோது அதன் டிஸ்க் சுற்றவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். வேறு டிஸ்க் மாட்டி, பையிலிருந்த சிடியைப் போட்டுக் கோப்புகளை ஏற்றினேன். சோதித்துப் பார்க்க ஹாலில் ஒயரோடு ஒரு போன்கூட இல்லை. எல்லாம் பூவும் பொட்டுமாக வரிசையில் இருந்தன. சூடத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"வர்றவங்க ஒயரச் செருகினா போதும் சார், அதுங்களே கேட்டு வாங்கிக்கும்" என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு கிளம்பினேன். வியாழனும் வெள்ளியும் விடுமுறை.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு மாமு என் செல்லுக்குப் போட்டார். "ஒயரு, எங்க கீற? சீக்கிரம் வா. வந்துட்டான்."

"யாரு மாமு?"

"வா நீ."

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஹாலுக்குள் ஒருவரும் இல்லை. நான் மட்டும் உள்ளே போனேன்.

மேஜை மேஜையாகப் போன்கள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் வாடிய சாமந்தி. ஒவ்வொன்றின் திரையிலும் அண்ணன் பெயர். அக்கவுன்ட்ஸில், டாக்குமென்ட்டில், மேனேஜர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால், எங்கே திரும்பினாலும் அதே பெயர். இறந்தவர் படத்துக்குச் செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பெயரையும் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அப்போது ஹாலின் கோடியில் ஒரு போன் அடித்தது. மெதுவாக, இழுத்து இழுத்து. திரையில் அவர் பெயரை அவர் பெயரே அழைத்துக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற அக்கவுன்ட்ஸ்காரர் ஒருவர், உள்ளே வரப் பயந்து, கை மட்டும் நீட்டிப் பக்கத்துப் போனிலிருந்து கேட்டுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடம் பயத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பிறகு ஓரத்து மணியைப் பார்த்தேன். எல்லாப் போனும் பத்து நிமிடம் முன்னால் இருந்தன.

விஷயம் முழுசும் அந்தக் கணமே விளங்கிவிட்டது. சிடி இரண்டாம் நாள் எழுதியது. அதில் மற்ற முப்பத்தொன்பது பேரின் கோப்பும் இல்லை. போன்கள் தங்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்கின்றன. இல்லை என்று பதில் வந்ததும் பொதுக் கோப்பைக் கேட்டு வாங்கியிருக்கின்றன. பொதுக் கோப்பு, நான் பெயர் எடுக்க மறந்த அவருடைய கோப்பு. ஒன்று விடாமல் அவராக ஆகிவிட்டன. எண்ணும் ஒரே எண், கேட்டின் எண். நாற்பது போனும் அதே எண்ணுக்கு உரிமை சொன்னால், சுவர்ப் பெட்டி கடைசியாகத் தலைகாட்டியதைத்தான் நம்பும். போன்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறித் தலைகாட்டும். அதனால் கேட்டுக்குப் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மேஜையில் அடித்திருக்கிறது.

விளங்கிய பிறகும் பயம் போகவில்லை. பயம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

வெளியே வந்து மேனேஜரிடம், "சர்வர் பிராப்ளம் சார், சரி பண்ணிடறேன்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

டாக்குமென்ட் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். "நான் கேட்டுக்குத்தான் போன் போட்டேன். அந்தம்மா எடுத்துச்சு. எடுத்துட்டு, 'எங்க கீற, எவ்ளோ நேரமா பாத்துகினு கீறேன்'னு கேக்குது. என்னையா கேக்குது? அவரத்தான் கேக்குது. அவர்கூடப் பேசிகினு கீது."

"எல்லார் போன்லயும் ஏறிட்டான், அவங்க போன்ல மட்டும் ஏறல பாத்தியா" என்றார் இன்னொருவர். "பூஜைக்கு வெக்கலல்ல. அதான்."

மேனேஜர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "மெஷினை நீங்க சரி பண்ணுங்க. ஆனா இவ்வளவு பேர் பயந்துபோயிருக்காங்க. அந்தம்மா போன் பண்ணா இனி யாரும் எடுக்கப்போறதில்ல. கேட் எப்படி ஓடும்? திங்கட்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சார், இது வெறும் சர்வர்..."

"சர்வர்னா, அவங்க போன்ல மட்டும் ஏன் வரல?"

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் என் தவறு முழுசும் வெளியே வரும். கம்பெனிக்குப் புகார் போகும். சொல்லாவிட்டால் அண்ணி போவார். கேட் கேபினுக்கு நடந்தேன்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போனில் அவர் பெயர் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஏழெட்டு டிரெய்லர் நின்றது.

"பேரு வந்துச்சிமா" என்றார். "மணி அடிச்சது. பாத்தேன். அவரு பேரு. எடுத்துட்டேன். எடுத்ததும் வாய்ல அதான் வந்துது. எனக்குத் தெரியும், அவரு இல்லன்னு. ஆனா வாய்க்குத் தெரியல. தப்பா?"

"தப்பு உங்களது இல்ல அண்ணி. என்னுது."

சொன்னேன். பொதுக் கோப்பு, சிடி, சோம்பல், எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இத்த நீ அங்க வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்கோ."

என் பையில் பெட்டி பிரிக்காத போன் ஒன்று இருந்தது, மாற்றுக்காக வைத்திருந்தது. எல்லோரையும் ஹாலுக்குள் கூப்பிட்டேன். கதவைத் தாண்டி யாரும் வரவில்லை, மாமு மட்டும் இரண்டடி உள்ளே வந்து நின்றார். சீல் உடைத்துப் போனை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினேன். இதை இதுவரை யாரும் தொட்டதில்லை, அண்ணன் பார்த்ததுகூட இல்லை என்று சொல்லி ஒயரைச் செருகினேன். முதலில் வெறும் திரை, பிறகு ஓடும் புள்ளிகள். அதன் பிறகு அவர் பெயர் வந்தது.

"அய்யய்யோ" என்று அக்கா பின்வாங்கினார்.

"இருங்கக்கா. மாமு, உன் பேரப் போடறேன்."

"என் பேரா? எதுக்குமா? நான் நல்லாத்தான கீறேன்!"

மூலைக் கம்ப்யூட்டரில் பொதுக் கோப்பைத் திறந்து, அவர்கள் கண்முன்னால் பெயரை மாற்றினேன். போனைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். மாமுவின் பெயர் வந்தது. யாரோ சிரித்தார்கள்.

"யோவ் மாமு, நீயும் போயிட்டியா!"

"சோமாரி, வாயக் கழுவுடா. ஒயரு, அத்த மொதல்ல எட்துடு. வூட்ல தெரிஞ்சா பேஜாராயிடும்."

எப்படி என்று சொன்னேன். போனுக்குத் தன்னைத் தெரியாது, கேட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்ளும், கேட்ட இடத்தில் தப்பான கோப்பை வைத்தவள் நான். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு அதே கேள்வி: "அந்தம்மா போன்?"

"அவங்க போன பூஜைக்குப் பிடுங்கல சார். பிடுங்காத போன் கேள்வி கேட்கல. புதன்கிழமை யாரா இருந்துச்சோ அப்படியே இருக்கு. இப்ப பிடுங்கினா அதுவும் கேக்கும். சிடியில அந்தப் போனுக்குன்னு இருக்கிறது அண்ணனோட சொந்த ஃபைல்."

எல்லோரும் கேட் கேபின் ஜன்னலுக்கு வந்தார்கள். அண்ணியிடம் மெல்லச் சொன்னேன்: "இத எடுத்தா உங்க பேரு போயிடும் அண்ணி. அவரு வருவாரு."

"வரட்டும்" என்றார். நான் கை நீட்டுவதற்குள் அவரே ஒயரைப் பிடுங்கினார். ஐந்து எண்ணிவிட்டு அவரே செருகினார். எங்கே செருக வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித்தந்ததே இல்லை.

புள்ளிகள் ஓடின. அண்ணியின் பெயர் போய், அண்ணன் பெயர் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அண்ணி திரையைப் பார்த்தார். பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. "இருய்யா!" என்று திரும்பாமலே கத்தினார்.

மாமுதான் முதலில் பேசினார். "அப்ப பேய் அவன் இல்ல. நீதானா ஒயரு?"

ஆமாம் என்றேன். அது வேடிக்கைக்குச் சொன்ன பதில் இல்லை.

மேனேஜர் என் கம்பெனிக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதட்டும். அண்ணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கினார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு கேட்ல வந்து நிப்பேன். அவங்க போன் பண்ணி, உள்ள எல்லாரும் எடுத்து, வண்டி உள்ள போறத நான் பாக்கணும். போச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா நான் சொன்னதுதான்." சனிக்கிழமை அரை நாள் என்பதால் ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள், நாற்பது கோப்பையும் எழுத நேரம் இல்லை. அதுவரை செல்போனிலும், நேரில் நடந்துபோய்ச் சொல்லியும் வேலை ஓடியது.

டாக்குமென்ட் அக்கா போகும்போது என்னிடம், "நீ சொல்றது புரியுது. ஆனா திங்கக்கெழம அந்த மணி அடிச்சா என் கை போகுமான்னு தெரியல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியாது. அந்த நாற்பது திரையும் கண்ணை மூடினால் எரிகிறது. நான் எழுதி மறந்த பத்து இருபது வரி, ஒரு மனிதர் போன பிறகும் யாராவது கேட்கட்டும் என்று மூலையில் காத்துக்கொண்டிருந்தது. கேட்டதும் அவரைக் கொடுத்துவிட்டது.

பஸ் ஸ்டாப் வரை அண்ணி கூட வந்தார். அறுநூறு நொடியைப் பற்றியும் அங்கேதான் சொன்னேன், அந்த பஸ்ஸைப் பற்றி என் மனதில் ஓடுவதையும். கேட்டுவிட்டு, "வூட்டு கடியாரமும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுதாம்மா" என்றார். "நீ வெக்கலன்னாலும் அவரு அந்த பஸ்லதான் போயிருப்பாரு." பிறகு, "எல்லாத்தையும் மாத்து. என்னுதுல பேர மாத்திக்கோ. அந்தப் பத்து நிமிஷத்த உட்டுடு" என்றார்.

இன்று ஞாயிறு. நாளை ஏழு மணிக்கு ஆபீஸைத் திறந்துவிட மாமு ஒத்துக்கொண்டிருக்கிறார். பூஜையில் போன்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், எது யார் மேஜையில் என்று தெரியாது. அண்ணி ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகிலிருக்கும் பன்னிரண்டு எழுத்தைப் படிப்பார், எந்த மேஜை என்றும் சொல்வார். நான் தட்டுவேன். பொட்டை அவர் துடைக்க மாட்டார், அது அவரவர் துடைத்துக்கொள்ளட்டும் என்றார். எல்லோருக்கும் பழைய மணியே வரும். இழுத்து அடிக்கும் மணி கேட்டுக்கு மட்டும். பொதுக் கோப்பில் யார் பெயரும் இருக்காது. 'ஒயரைக் கூப்பிடு' என்று எழுதலாம் என்று மாமு சொல்லியிருக்கிறார், யோசிக்கிறேன். புது சிடி இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.

கேட் போன் கடைசி. பெயர் வரி மாறும், 20,400 இருக்கும். அதன்படி பத்து ஆகும்போது மேனேஜர் கேட்டுக்கு வர இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அண்ணி டாக்குமென்ட் அக்காவுக்குப் போன் போட, அவர் கை போய் எடுக்க, முதல் டிரெய்லரை உள்ளே விட்டுப் பார்க்கப்போகிறோம்.